முற்றம் வரை வந்த வைஃபை: திருபுவனம் வீட்டில் ஆர்ச்சர் சி6 ரூட்டர், 14 மாதம்

எங்கள் வீடு திருபுவனத்தில் நெசவாளர் தெருவில் இருக்கிறது. அகலம் 16 அடி, நீளம் 105 அடி. நுழைந்ததும் திண்ணை, ரேழி, தறிக்கூடம், அப்புறம் முற்றம். அதைத் தாண்டினால் பட்டு வைக்கிற அறை, சமையல்கட்டு, கடைசியில் கொல்லையைப் பார்த்த ஒரு அறை. மாமனாரின் அப்பா காலத்தில் கட்டியது. சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுமையாக இருப்பது அந்தச் சுவரால்தான். வைஃபை உள்ளே போகாததும் அதே சுவரால்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

வீட்டுக்காரர் நெய்கிறார். நெய்த புடவையை வாட்ஸ்அப் வீடியோவில் காட்டி விற்பது என் வேலை. திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் பெயரைச் சொல்லியே விசாரிக்கிறார்கள். அவர்களுக்குப் புடவையை நான் முற்றத்தில் வைத்துத்தான் காட்டுவேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அங்கே விழுகிற வெளிச்சத்தில்தான் பட்டின் நிறம் உள்ளபடி தெரியும். டியூப் லைட்டில் அரக்கு பழுப்பாகிவிடும், மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும். அதனால் எனக்கு நெட் வேண்டிய இடம் முற்றம். ஃபைபர் வந்து இறங்குகிற இடமோ தெருச்சுவர்.

போன வருஷத்துக்கு முந்தின தை மாதம், சிங்கப்பூரில் இருக்கும் ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்கு ஒன்பது புடவை எடுக்க வேண்டும் என்று பேசினார். மாம்பழ நிற உடல், அரக்கு பார்டர், உடலெங்கும் சின்ன புட்டா. விசிறி மடிப்பைப் பிரித்து முந்தானையைக் காட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. "புட்டாவெல்லாம் அழுக்கு மாதிரி தெரியுதும்மா" என்றார். இருபது நாள் தறிக்குழியில் கால் வைத்து நெய்த புடவை அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கு அவர் எதுவும் எடுக்கவில்லை.

அப்போது நான் செய்த முதல் காரியம், 40 எம்பிபிஎஸ் திட்டத்தை 100-க்கு மாற்றியது. இதைப் படிக்கிற நிறையப் பேர் அதைத்தான் செய்திருப்பீர்கள். மாதாமாதம் பணம் கூடியது, முற்றத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் பிறந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் நடுவில் வாய்க்கால் தூர்ந்திருந்தால் அப்பா வயலுக்குத் தண்ணீர் வராது. இங்கேயும் அதே கதைதான். தெருச்சுவர் வரைக்கும் 100 வந்தது. அங்கிருந்து முற்றத்துக்கு வரும் வழிதான் கெட்டிருந்தது.

இரண்டாவது, ஒரு ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்கி ரேழி பிளக்கில் சொருகினேன். போனில் வைஃபை கோடு முழுசாக ஏறியது, மனசும் நிறைந்தது. இரண்டே நாளில் பழையபடி படம் உடைந்தது. நான் வாங்கினது விலை குறைந்த வகை. அது ரூட்டரிடமிருந்து வாங்குவதும் நமக்குத் தருவதும் ஒரே அலைவரிசையில்தான் என்பதால் வேகம் பாதியாகிவிடும். அதிலும் நான் வைத்த இடத்துக்கே சிக்னல் மெலிந்துதான் வந்தது. மெலிந்ததைத்தான் அது உரத்துச் சொன்னது. போனில் தெரியும் கோடு, போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவிலான பலத்தை மட்டும் காட்டுகிறது. எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

பையன் சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்து பார்க்கத் தொடங்கியபோதுதான் விஷயம் தெளிந்தது. அவனுக்குக் கொல்லைப்பக்க அறை. "அம்மா, மொதல்ல அளந்து பார்ப்போம், அப்புறம் வாங்கலாம்" என்று போனில் வைஃபை அனலைசர் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். வீடு முழுக்க நடந்தேன். அது காட்டும் எண் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. வீடியோவுக்கு -67 வரைக்கும் தாங்கும். ரேழியில் -45, தறிக்கூடத்தில் -61, முற்றத்தில் -76, பட்டு அறையில் -84. கொல்லை அறையில் பெயரே வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டினவை. தறிக்கூடத்தில் நின்றால் அக்கம்பக்கத்து வைஃபை 23 தெரிந்தது. எங்களுடையது உட்பட முக்கால்வாசி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஆறாம் சேனல் என்ற ஒரே பாதையில் குவிந்திருந்தன. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். இன்டர்நெட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. 5-இல் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் கனமான சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐ விட அது மோசம். ஆக ஒன்றில் நெரிசல், இன்னொன்றுக்குச் சுவர். தெருவோரத்தில் எவ்வளவு விலை உயர்ந்த ஒற்றை ரூட்டரை வைத்தாலும் இந்த வீட்டுக்குப் பத்தாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ரூட்டர் வாங்கப் போகும் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு நாள் வீட்டை நடந்து அளந்துவிடுங்கள்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. அங்கிருந்த தம்பி, நான் எழுதிக்கொண்டு போன எண்களைப் பொறுமையாகப் படித்தார். எட்டு ஆன்டெனா வைத்த பெரிய பெட்டியை விற்றிருந்தால் அவருக்கு லாபம் கூடியிருக்கும். "அக்கா, உங்க வீட்டுக்கு ஒரு பெரிசு வேணாம், ரெண்டு நடுத்தரம் வாங்குங்க. நடுவுல வயர் இழுத்துடுங்க" என்றார். அந்த நேர்மைக்காகவே இன்றைக்கும் எது வேண்டுமென்றாலும் அங்கேதான் போகிறேன்.

அவர் காட்டியது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6. பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருக்கும். 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி 1200 ஆக்கிச் சொல்கிறார்கள். அந்த வேகம் ஒரு போனுக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஏட்டுக் கணக்கு அது. நான் கவனித்தது பின்பக்கத் துளைகளை. இதே கம்பெனியின் ஆர்ச்சர் சி50 பெட்டியிலும் 1200 என்றுதான் இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதன் வயர் துளைகள் 100 எம்பிபிஎஸ் வரைக்கும்தான். சி6-இன் ஐந்து துளைகளும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். வயர் இழுத்து வீட்டை இணைக்கப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. நாளைக்கு 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் போனாலும் வயரில் தடை இருக்காது. இரண்டு வாங்கினேன், ஒன்று 2,300 ரூபாய்.

வயர் கேட் 6, 40 மீட்டர். செம்பு பூசிய அலுமினிய வயர் விலை குறைவாகக் கிடைக்கும். தம்பி ஒரு துண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார், உள்ளே வெள்ளையாக இருந்தது. முழுச் செம்பு வயரே வாங்கினேன். இந்த மாதிரி வயர் 100 மீட்டர் வரைக்கும் குறையில்லாமல் வேலை செய்யும் என்பதால் எங்கள் நீள வீடும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ரேழி உத்தரத்தின் மேலே ஏற்றி, தறிக்கூடத்து ஓரமாக ஓட்டி, முற்றத்துத் தாழ்வாரத்தில் இறக்கினோம். முழுக்க பிவிசி பைப்புக்குள். அறுவடைக்குப் பிறகு நெல் வந்து இறங்கும் தெருக்களில் எலித் தொல்லை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பைப் இல்லாமல் வயரை இழுக்காதீர்கள்.

முனையில் பிளக் அடித்தது வீட்டுக்காரர். வயருக்குள் எட்டு இழை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு முனையிலும் அதே வரிசை. ஆயிரக்கணக்கான இழையைப் புதுப் பாவோடு பிணைத்துப் பழகிய விரல் அவருடையது. எட்டு இழையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். ஆனாலும் முதல் தடவை ஒரு பழுப்பு இழை சரியாகக் கடிபடவில்லை. நெட் நின்றுபோகவில்லை, வேகம் மட்டும் 100-க்கு இறங்கியது. கிகாபிட் வேகத்துக்கு எட்டு இழையும் வேண்டும். 100-க்கு நாலே போதும் என்பதால் குறை வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் எத்தனை வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பிளக்கை வெட்டி மறுபடி அடித்தார், சரியாகிவிட்டது.

முதல் சி6 ரேழியில், ஃபைபர் மோடத்தின் பக்கத்தில். இரண்டாவது பட்டு அறையின் வாசல் மேலே, முற்றத்தையும் சமையல்கட்டையும் பார்த்தபடி. முன்பு நான் எக்ஸ்டெண்டரைப் பட்டு அறை இரும்பு பீரோவின் பின்னாலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரும்புத் தகடு சிக்னலைத் திருப்பி அடித்துவிடும், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த பீரோவும் அப்படித்தான். தரையிலும் வைக்கக் கூடாது. தலைக்கு மேலே, திறந்த இடத்தில், ஆன்டெனாக்கள் நிமிர்ந்தபடி. இதற்குக் காசு ஒன்றும் ஆகாது, பலன் மட்டும் பெரிது.

அமைப்பில் இரண்டு விஷயம் முக்கியம். மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி, கனெக்‌ஷனுக்கான யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு மோடம் ஒளியை மின் சிக்னலாக்கித் தரும் வேலையை மட்டும் பார்க்கிறது. மற்ற பொறுப்பெல்லாம் முதல் சி6-இன் தலையில். இரண்டாவது சி6-ஐ ஆக்சஸ் பாயிண்ட் மோடில், அதாவது வயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்யும்படி, போட்டோம். அப்படிப் போடாமல் இரண்டும் ரூட்டராகவே இருந்தால் ஆளுக்கொரு பக்கம் முகவரி கொடுக்கத் தொடங்கும். முன்பக்கத்துப் போன் பின்பக்கத்துப் பிரின்டரைப் பார்க்காது. ஒரு வீட்டுக்கு ஒரு நாட்டாமை போதும்.

இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். சேனல் மட்டும் வேறு: முன்னால் 1, பின்னால் 11. 5 கிகாஹெர்ட்ஸில் முன்னால் 36, பின்னால் 149. ரேழியிலிருந்து பேசிக்கொண்டே முற்றத்துக்கு நடந்தால் போன் தானாக மாறிக்கொள்கிறது. எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்யும் என்பதால், அந்த இடத்தில் குரல் ஒரு நொடி தடுக்கும். பழைய போன் தூரத்து ரூட்டரையே பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. வீடியோவில் புடவை காட்டும்போது நான் நடப்பதில்லை, முற்றத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

மாற்றின அன்று மறுபடி நடந்து அளந்தேன். முற்றம் -44. பட்டு அறை -51. கொல்லை அறை -63. மாமியார் சமையல்கட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பெங்களூரில் இருக்கும் பேத்தியோடு பேசினார். முன்பெல்லாம் அதற்காக இருட்டில் ரேழி வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார், வயது 78.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. நம் பக்கத்தில் ரூட்டர் நம்பகமாக ஓடுவது பாதி மின்சாரத்தின் கையில். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். அதற்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் ரூட்டர் அணைந்து, திரும்ப எழுந்து நெட் பிடிக்க இரண்டு நிமிஷம் ஆகும். வாடிக்கையாளர் எதிரே இருக்கும்போது இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம்! உங்கள் இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் என்று சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், மாறுகிற நேரம் குறையும். எங்களுடையது பழசு. அதனால் ரூட்டருக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ், லித்தியம் பேட்டரி வைத்தது, மூன்று வாங்கினேன்: மோடத்துக்கு ஒன்று, ரூட்டர்களுக்கு ஒவ்வொன்று. ரூட்டரும் மோடமும் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் வேலை சுலபம். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். யூபிஎஸ் கொடுக்கும் ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது. பின் அளவும் பொருந்த வேண்டும், அடாப்டரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது உத்தமம். இன்வெர்ட்டரையும் அணைத்துப் பார்த்தேன், நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் அம்மா வீட்டுப் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கெல்லாம் எந்தப் பேட்டரியும் ஈடாகாது. நான் சொல்வது தினமும் நாலு தடவை போய்ப் போய் வருகிற கரண்டுக்கு.

மின்னலுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்னல் அதிர்ச்சி வராது. ஆனால் பிளக் வழியாக வரும், செம்பு லேன் வயர் வழியாக ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் நான் பிளக்கைப் பிடுங்குவதோடு லேன் வயரையும் கழற்றிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் ஒரே இடியில் டிவியும் மோடமும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

14 மாதத்தில் இரண்டு சி6-உம் தானாக உறைந்து நின்றதில்லை. இலவசப் பெட்டியை நான் வாரம் மூன்று முறை அணைத்துப் போடுவேன். அந்த வேலையே மறந்துபோயிற்று. வேலை நாளில் லேப்டாப், ஏழு போன், டிவி, வாசல் கேமரா எல்லாம் சேர்ந்து பத்து சாதனம் இருக்கும். பையன் மீட்டிங்கில் இருக்கும்போதே நான் புடவை காட்டுகிறேன், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. சி6-இல் யூஎஸ்பி துளை கிடையாது. ஹார்ட் டிஸ்க் சொருகிப் படம் பார்க்க நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இது வைஃபை 5 தலைமுறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுப் போன்களும் லேப்டாப்பும் நிறைய இருக்கிற வீடு, 300 எம்பிபிஎஸ் திட்டம் என்றால், கொஞ்சம் கூடுதல் கொடுத்து வைஃபை 6 உள்ளதை வாங்குங்கள். கூட்டம் அதிகமானால் அது நன்றாகச் சமாளிக்கும். ஆனால் ஒன்றரை அடிச் சுவர் அதற்கும் சுவர்தான், வயர் இழுக்கிற வேலை மிச்சமாகாது. வயர் இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மூன்று பெட்டி வரும் மெஷ் செட்டும் விசாரித்தேன். வயர் இழுக்கவே முடியாத வாடகை வீடு என்றால் அதுதான் வழி. சொந்த வீட்டில் வயருக்குச் செலவழித்த பணத்தை நான் ஒருநாளும் குறையாக நினைக்கமாட்டேன். ரூட்டர்கள், வயர், பைப், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. எங்கள் புடவை ஒன்றின் விலையில் ஒரு பகுதி.

வாங்கினதும் செய்ய வேண்டியது: ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் தனித்தனியாக மாற்றுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், புடவை எடுக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து கொடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நான் பாஸ்வேர்டுகளையும், பிரிட்ஜ் மோடுக்கு வாங்கின யூசர் நேமையும் பாவு கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூர் அம்மாவை ஆடி முடிந்ததும் நானே கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு வேறு இடத்தில் எடுத்துவிட்டிருந்தார். மகளின் வளைகாப்புக்குப் பச்சையில் ஒன்று காட்டச் சொன்னார். முற்றத்தில் உட்கார்ந்து பிரித்தேன். "ஜரிகை இழை தனித்தனியா தெரியுதே" என்றார். கிளிப்பச்சை உடல், மாந்துளிர் பார்டர், இரண்டு புடவை எடுத்துக்கொண்டார்.